எந்த வாரத்து டயர், அண்ணே?

சென்னையில் முதல் மழை விழுந்த மறுநாள் டயர் கடைகளில் கூட்டம் கூடிவிடும். கோடை முழுக்க மொட்டை டயரில் ஓட்டியவருக்கு அன்றுதான் புத்தி வரும். ஸ்பீட் பிரேக்கர் மேல் அடித்திருக்கும் வெள்ளைப் பெயின்டில் பின் சக்கரம் ஒரு சறுக்கு சறுக்கியிருக்கும். அந்த அவசரத்தில் வருகிறவர் விலையை மட்டும்தான் கேட்பார். மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த சரக்கைத் தள்ளிவிட நினைக்கும் கடைக்காரருக்கு அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

டூவீலர் டயர் மலிவாக எங்கே கிடைக்கும் என்று கேட்கிறவர்கள் முதலில் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1,800 ரூபாய் கொடுத்து வாங்கிய பின் டயர் 20,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 9 காசு ஆகிறது. அதே வண்டி லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோல் நூறு ரூபாய் விற்கிற காலத்தில் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் எரிகிறது. கடை கடையாக ஏறி இறங்கி டயர் விலையில் 200 ரூபாய் குறைத்தாலும் கிலோமீட்டருக்கு ஒரு காசுதான் மிச்சம். அந்த 200 ரூபாய்க்காக மூன்று வருடம் கோடவுனில் காய்ந்த டயரைத் தலையில் கட்டிக்கொண்டு வந்தாலோ, தெருவோரத்தில் மாட்டி அலாய் ரிம்மின் விளிம்பை நசுக்கிக்கொண்டாலோ மிச்சம் பிடித்தது ஒரே மாதத்தில் போய்விடும். ஆகவே பேரத்தைத் தேதியில் பேசுங்கள். செலவழிக்கத் தயங்கக் கூடாத இடம் மாட்டும் கூலி.

தேதி டயரிலேயே இருக்கிறது. பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் அச்சிட்டிருப்பார்கள். 3225 என்றால் 2025ஆம் ஆண்டின் 32ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட் மாதம் தயாரானது. பல டயர்களில் இது ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். கண்ணில் படவில்லையென்றால் புரட்டிக் காட்டச் சொல்லுங்கள். "அண்ணே, இது எந்த வாரத்துச் சரக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரரின் பேச்சே மாறிவிடும். "இருங்க தம்பி, உள்ள வேற பீஸ் இருக்கு" என்று பையனை உள்ளே அனுப்புவார். ரப்பர் ஓடாமல் இருந்தாலும் முதுமை அடையும் பொருள். நம் ஊர் வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே கிடந்தால் இன்னும் சீக்கிரம் இறுகும். இறுகிய டயரில் பட்டன் புத்தம் புதிதாகத் தெரியும், ஈரத் தரையில் பிடிக்காது. என் அளவுகோல் இது: ஒரு வருடத்துக்குள் என்றால் யோசிக்காமல் வாங்கலாம், அதைத் தாண்டியிருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லலாம், இரண்டு வருடம் கடந்தது என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

மற்ற எண்களையும் படிக்கத் தெரிந்துகொள்வது கஷ்டமில்லை. 100/90-17 55P என்று இருந்தால், டயரின் அகலம் 100 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். 55 என்பது எடைக் குறியீடு. அந்த டயர் 218 கிலோ வரை தாங்கும். P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் வரை பொறுக்கும். J என்றிருந்தால் 100 கிலோமீட்டர்தான். இந்த எடை, வேகக் குறியீடுகள் கம்பெனி கொடுத்த டயரில் இருந்ததைவிடக் குறையக் கூடாது. கூடவே ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் விற்கும் டூவீலர் டயருக்கு அது கட்டாயம்.

இனி எங்கே வாங்குவது என்பதற்கு வருவோம். சென்னைக்காரர்களுக்கு விடை ஜி.பி. ரோடு. அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வண்டிச் சாமான் கடைகளும் டயர் கடைகளும் வரிசையாக இருக்கின்றன. ஒரே தெருவில் நாலு கடை விலை கேட்கலாம் என்பது ஒரு வசதி. சரக்கு வேகமாகக் கைமாறுவதால் புதிய வாரத்து டயர் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது அதைவிடப் பெரிய வசதி. வெளியூர்க்காரர்களும் இதே தர்க்கத்தைப் பிடித்துக்கொள்ளலாம். எல்லா மாவட்டத் தலைநகரிலும் டயர் மட்டுமே விற்கிற கடை ஒன்றிரண்டாவது உண்டு. நிறைய விற்கிற கடையைத் தேடுங்கள். தெருமுனை மெக்கானிக் கடையில் தொங்கும் இரண்டு டயர் எப்போது வந்தது என்று அவருக்கே நினைவிருக்காது.

எம்.ஆர்.எஃப்., சியட், அப்பல்லோ, டி.வி.எஸ். யூரோகிரிப் என்று எல்லாருக்கும் விநியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். சியட் ஷாப்பி போன்ற கம்பெனிப் பெயர் தாங்கிய கடைகளில் அந்த ஒரு பிராண்டுதான் இருக்கும், ஆனால் மாட்டுவதற்கு மெஷினும் இருக்கும். இவர்களில் பலருக்கும் தமிழ்நாடுதான் வீடு. எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது. யூரோகிரிப் டயரைத் தயாரிக்கும் டி.வி.எஸ். ஸ்ரீசக்ராவின் ஆலை மதுரையை அடுத்த வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது. ஒரகடத்தில் அப்பல்லோ. ஆலை பக்கத்து ஊரில் இருப்பதால் நமக்கு ஒரு ரூபாயும் குறையவில்லை என்பது வேறு விஷயம்.

விலை குறைந்தது வரியால்தான். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக இறங்கியது. வரிக்கு முன் 1,500 ரூபாய் என்றால் முன்பு 1,920 கொடுத்தோம், இப்போது 1,770. தெரு முழுக்கப் பேரம் பேசினாலும் கிடைக்காத 150 ரூபாய் இது. கடைக்காரர் பழைய விலைப்பட்டியலை நீட்டினால் பில்லில் வரி எத்தனை சதவீதம் என்று கேளுங்கள்.

பில் இல்லாமல் வாங்கினால் இன்னும் குறையும் என்பார்கள். வேண்டாம். டயரில் தயாரிப்புக் குறை இருந்தால், பக்கவாட்டில் உப்பினாலோ அடுக்கு பிரிந்தாலோ, கம்பெனியில் கிளைம் செய்யலாம். எவ்வளவு பட்டன் தேய்ந்திருக்கிறது என்று அளந்து, மிச்சத்துக்கு ஏற்றபடி ஈடு தருவார்கள். பில் இல்லையென்றால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பில்லில் டயரின் வரிசை எண்ணையும் எழுதச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் சில நேரம் இன்னும் நூறு, இருநூறு குறைவாக இருக்கும். எந்த வாரத்து டயர் வரும் என்பது மட்டும் பெட்டியைப் பிரித்த பிறகே தெரியும். அதைத் தூக்கிக்கொண்டு போனால் மாட்டுகிறவர் முகம் சுளிப்பார், கூலியையும் ஏற்றுவார். ஊரில் கிடைக்காத அளவு வேண்டுமென்றால் ஆன்லைன் சரி. ஸ்ப்ளெண்டருக்கும் ஆக்டிவாவுக்கும் அந்த அலைச்சல் தேவையில்லை.

சென்னைப் புதுப்பேட்டையைப் பற்றிச் சொல்லாவிட்டால் கட்டுரை முடியாது. கழற்றிய வண்டிச் சாமான்களுக்குப் பேர் போன அந்தப் பேட்டையில் பாதி விலைக்கும் கீழே டயர் கிடைக்கும். அதில் ஒரே ஒரு வகை வாங்கத் தக்கது: புது வண்டி எடுத்த கையோடு பெரிய டயர் போட ஆசைப்பட்ட பையன்கள் கழற்றிப் போட்டது. தேதி பார்த்து, உள்பக்கம் விரலை விட்டுத் தடவி, பஞ்சர் ஒட்டோ வெடிப்போ இல்லையென்றால் எடுக்கலாம். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் வரி கீறிப் புதிது போலக் காட்டும் வேலையும் நடக்கிறது. பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தின் அடியில் சின்ன மேடு மேடாக இருக்கும். அதுதான் தேய்மானக் குறி. பள்ளம் ஆழமாக இருந்தும் அந்த மேடு அறுபட்டிருந்தால் கத்தி பட்ட டயர் என்று அர்த்தம். கீழே விழுந்தால் டயரின் விலையில் எக்ஸ்ரேகூட எடுக்க முடியாது.

இப்போது மாட்டும் இடம். இங்கேதான் பலர் கவனத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஸ்போக் சக்கரம், டியூப் டயர் என்றால் நல்ல பஞ்சர் கடையே போதும். கைப்பழக்கம் உள்ளவர் டியூபில் கொஞ்சம் காற்று அடித்து, பவுடர் தூவி உள்ளே வைப்பார். தட்டையாகத் திணிக்கிறவர் கடைசி லிவர் போடும்போது டியூபைக் கடித்துவிடுவார். இரண்டு நாளில் பஞ்சர். புது டயருக்குப் பழைய டியூப் போடுவது வீண் சிக்கனம். டயரோடு டியூபையும் மாற்றிவிடுங்கள். ஸ்போக் முனைகள் டியூபைக் குத்தாமல் இருக்க ரிம்மின் உள்ளே சுற்றியிருக்கும் ரப்பர் பட்டை கிழிந்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

அலாய் ரிம்மும் டியூப்லெஸ்ஸும் என்றால் மெஷின் இருக்கும் கடைக்குத்தான் போக வேண்டும். இரும்பு லிவர் அலாய் விளிம்பில் ஒரு கீறல் போட்டால் போதும், காற்று மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். டயரைக் குறை சொல்லி அலைவோம். டிஸ்க் பிரேக் உள்ள சக்கரத்தைக் கழற்றினால் டிஸ்க் தரையில் படக் கூடாது. தெரிந்தவர் ஒரு பழைய டயரைப் போட்டு அதன்மேல் வைப்பார். முன் சக்கரம் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக் லிவரை அழுத்தக் கூடாது. அழுத்தினால் காலிப்பரின் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிடும். கூட நிற்கும் குழந்தைகளைக் கொஞ்சம் கவனியுங்கள்.

டயரின் பக்கத்தில் அம்புக்குறி இருக்கும். சக்கரம் முன்னோக்கிச் சுற்றும் திசையும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டும். சில டயர்களில் மஞ்சள் புள்ளி இருக்கும்; அது டயரின் எடை குறைந்த பக்கம், வால்வுக்கு நேரே வர வேண்டும். டியூப்லெஸ்ஸில் ரப்பர் வால்வையும் அப்போதே மாற்றிவிடுவது நல்லது. காற்று அடித்ததும் டயர் ரிம்மில் 'டப் டப்' என்று உட்காரும். பிறகு ரிம்மை ஒட்டி டயரில் ஓடும் மெல்லிய கோடு சுற்றிலும் ஒரே அளவில் தெரிகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் சரியாக உட்காரவில்லை.

பின் சக்கரத்தைக் கழற்றியதுமே பிரேக் ஷூ, வீல் பேரிங், கப்ளிங் ரப்பர் மூன்றையும் பார்த்துவிடலாம். இன்னொரு நாள் அதற்காகத் தனிக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. உண்மையான மிச்சம் இதில்தான் இருக்கிறது. திரும்ப மாட்டும்போது செயின் இறுக்கத்தின் அடையாளக் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் முன்னே பின்னே இருந்தால் சக்கரம் கோணலாக ஓடி, புது டயரும் செயினும் சேர்ந்து தேயும்.

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டி.வி.எஸ். ஐக்யூப் போல மோட்டார் பின் சக்கரத்திலேயே இருக்கும் வண்டியில் வயர்களைக் கழற்றாமல் சக்கரம் வெளியே வராது. டயரை வெளியே வாங்கினாலும் மாட்டுவதற்குக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போங்கள்.

பெரிய பைக் வைத்திருப்பவர்கள் கதை தனி. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது முதல் வெளிநாட்டு டயரை நம்பியவர்கள் பாடு திண்டாட்டம்தான். உள்நாட்டுக் கம்பெனிகளின் ரேடியல் டயர்கள் இப்போது நன்றாகவே இருக்கின்றன, முதலில் அவற்றைக் கேட்டுப் பார்க்கலாம். சின்ன வண்டிக்குப் பெரிய டயர் போடும் மோகத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அகலம் கூடினால் மைலேஜ் குறையும், குறுகிய ரிம்மில் டயரின் வடிவம் பிதுங்கும், சில வண்டிகளில் செயினில் உரசும். கூடுதல் காசு கொடுத்து இதை வாங்க வேண்டுமா?

புது டயர் முதல் நூறு கிலோமீட்டருக்கு வழுக்கும். அச்சிலிருந்து எடுத்த வழவழப்பு போகும் வரை வளைவுகளில் சாய்க்காமல் ஓட்டுங்கள். நைட்ரஜன் அடிக்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். பெட்ரோல் பங்க்கில் காற்று இலவசம், அது நம் உரிமை. வாரம் ஒருமுறை, வண்டி சூடாகும் முன், வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடித்தால் டயர் சொன்னபடி உழைக்கும்.

கழற்றிய பழைய டயரை வீட்டுக்கு எடுத்து வந்து மொட்டைமாடியில் போட்டுவிடாதீர்கள். அதில் தேங்கும் ஒரு டம்ளர் மழைத் தண்ணீர் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குப் போதும். 2022 ஜூலை முதல் பழைய டயரின் மறுசுழற்சிக்கு டயர் கம்பெனிகளே பொறுப்பு என்று விதி வந்திருக்கிறது. கடைக்காரரிடமே விட்டுவிட்டு வாருங்கள்.