கடற்கரை வீட்டிற்கு எந்த நாய்?

சிலாபத்திலிருந்து உடப்பு, முந்தல், புத்தளம் ஆகிய ஊர்களைக் கடந்து கற்பிட்டி வரை நீளும் கரையோரத்தில், நாயில்லாத தெருவைக் காண்பது அரிது. கரைவலை இழுக்கும் இடத்தில் மீனுக்காகக் காத்திருக்கும் நாய், தென்னந்தோட்ட வாயிலிலே படுத்திருக்கும் நாய், கடைத்தெருவில் எவருக்கும் சொந்தமில்லாமல் எல்லோருக்கும் பழகிப்போன நாய் என அவை பலவகைப்படும். இவற்றோடு மனநிறைவு கொள்ளாத குடும்பங்களும் உண்டு. அவை பெயர்பெற்ற இன நாயொன்றை விலை கொடுத்து வாங்க விரும்புகின்றன. அவ்வாறு விரும்புவோரின் பேச்சிலே பெரும்பாலும் அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று அல்சேஷன், மற்றது லாப்ரடோர்.

இவ்விரண்டில் எது சிறந்தது? இவ்வாறு கேட்பது எளிது. ஆனால் இக்கேள்விக்கு விடையில்லை. வள்ளம் வாங்கச் செல்லும் மீனவர், "எது சிறந்த வள்ளம்?" என்று கேட்பதில்லை. களப்புக்கு உகந்தது எது, ஆழ்கடலுக்கு உகந்தது எது என்றே கேட்பார். நாயின் செய்தியும் அத்தகையதே. ஒவ்வோர் இனமும் ஒரு தொழிலுக்காக உருவாக்கப்பட்டது. அந்தத் தொழிலை அறிந்தால் நாயின் இயல்பு விளங்கும். இயல்பு விளங்கினால், எந்த வீட்டிற்கு எந்த நாய் என்பதும் தெளிவாகும்.

முதலில் அல்சேஷனை எடுத்துக்கொள்வோம். இது ஜேர்மனி நாட்டு ஆட்டிடையரின் நாய். வேலியற்ற வயல்களின் நடுவே மந்தை மேயும்போது, ஆடுகள் பயிரில் வாய் வைக்காதபடி எல்லையோரமாக நாள் முழுவதும் நடந்து காப்பதே இதன் வேலை. குதிரைப்படையிற் பணியாற்றிய மாக்ஸ் வொன் ஸ்டெபானிட்ஸ் என்பவர், 1899 ஆம் ஆண்டில் ஹொரான்ட் என்னும் நாயை மூலமாகக் கொண்டு இவ்வினத்தை ஒழுங்குபடுத்தினார். முதலாம் உலகப் போரின் பின்னர், ஜேர்மனியின் பெயரைச் சொல்ல விரும்பாத ஆங்கிலேயர் அல்சாஸ் மாநிலத்தின் பெயரால் இதனை அல்சேஷன் என்று அழைத்தனர். 1977 இல் பிரித்தானிய நாய்க் கழகம் ஜேர்மன் ஷெப்பேர்ட் என்ற பழைய பெயரை மீண்டும் ஏற்றுக்கொண்டது. எனினும் இலங்கையிலே பலருடைய நாவில் அல்சேஷன் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

லாப்ரடோர் நாயின் பிறப்போ கடலோடு தொடர்புடையது. கனடாவின் கிழக்கே உள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவில், மீனவரோடு வள்ளத்தில் வாழ்ந்த, நீரிற் பழகிய நாய்வகை ஒன்றே இதன் மூதாதை. தூண்டிலினின்று நழுவிய மீனைக் கவ்வி வருவதும், வலைக் கயிற்றைப் பற்றிக்கொண்டு குளிர்ந்த கடலில் நீந்துவதும் அதன் தொழில்கள். மீன் வாணிகக் கப்பல்கள் மூலம் அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து சேர்ந்தது. அங்கே வேட்டையாடிய பிரபுக்கள், சுடப்பட்ட பறவையைச் சிதைக்காமற் கவ்வி வரும் நாயாக அதனைப் பழக்கினர். 1903 இல் பிரித்தானிய நாய்க் கழகம் இதனைத் தனி இனமாக ஏற்றது. கவ்விய பொருளை நசுக்காத மென்மையான வாயும், மனிதனோடு கூடி உழைப்பதில் மகிழும் மனமும் இவ்வினத்திற்கு அத்தொழில்கள் தந்த செல்வங்கள்.

உருவத்தில் இரண்டும் பெரியவை. அல்சேஷன் ஆண் நாய் தோள்வரை 60 முதல் 65 சென்ரிமீற்றர் உயரமும், 30 முதல் 40 கிலோகிராம் நிறையும் உடையது. லாப்ரடோர் சிறிது குட்டையானது. 56 சென்ரிமீற்றர் அளவினது. நிறையில் ஏறக்குறைய 30 கிலோகிராம் என்றே கொள்ளலாம். இரண்டும் ஏறக்குறைய 10 முதல் 12 ஆண்டுகள் வாழும். ஆகவே குட்டியை வாங்குகின்ற குடும்பம், இன்று பாலர் வகுப்பிற் படிக்கும் பிள்ளை சாதாரணதரப் பரீட்சை எழுதும் காலம்வரைக்குமான ஒரு பொறுப்பை ஏற்கின்றது.

இயல்பில் வேற்றுமை மிகுதி. அல்சேஷன் எல்லை காக்கும் நாய். தன் வீட்டாரையும் அயலாரையும் அது கூர்ந்து வேறுபடுத்தும். புதியவர் வாயிலைக் கடந்தால் எச்சரிக்கும். சொல்வதை விரைவிற் கற்றுக்கொள்ளும். முதலாம் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்கு வழிகாட்ட 1916 இல் ஜேர்மனியின் ஓல்டன்பேர்க் நகரில் நாய்களைப் பழக்கத் தொடங்கியபோது, இவ்வினமே பயன்பட்டது. ஆனால் வேலை இல்லாத அல்சேஷன் தானே ஒரு வேலையைக் கண்டுபிடித்துக்கொள்ளும். ஓடி விளையாடும் சிறுவரை ஆடுகளாக எண்ணிக் குதிகாலை நோக்கிப் பாய்வதும், தபாற்காரரைப் பகைவராக எண்ணுவதும் அவ்வாறு விளையும் தீமைகள். குட்டிப் பருவத்திலேயே பல மனிதரோடு பழகவிட்டு, ஒருவர் நாள்தோறும் பொறுமையாகப் பயிற்றினாலன்றி இந்நாய் நல்ல காவலனாகாது.

லாப்ரடோர் காவலுக்குப் பிறந்ததன்று. கள்வன் வந்தாலும் வாலையாட்டி வரவேற்கும் என்று இதனைக் கேலி செய்வதுண்டு. குரைத்து அறிவிக்கும், அதற்குமேல் எதிர்பார்க்கலாகாது. ஆனால் சிறுவரின் இழுப்பையும் தழுவலையும் பொறுக்கும் தன்மை இதற்கு அதிகம். விருந்தினர் பலர் வந்து போகும் வீட்டிலும் இது மனங்கலங்காது. எனினும் எந்த இன நாயாயினும், சிறு குழந்தையோடு தனித்து விடுதல் தகாது. முப்பது கிலோகிராம் நிறையுள்ள பிராணி அன்பினாற் பாய்ந்தாலும் குழந்தை விழத்தான் செய்யும்.

இனி, புத்தளக் கரைக்கே உரிய மூன்று சோதனைகளைக் கவனித்தல் வேண்டும்.

முதலாவது வெப்பம். இரு நாய்களும் குளிர்நாட்டுப் பிராணிகள். மேல்மயிரும் அடிமயிருமாக இரட்டைப் போர்வை அணிந்தவை. நாய்க்கு மனிதனைப்போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி இளைத்து, ஈரம் ஆவியாவதனாலேயே அது தன் உடலைக் குளிர்விக்கின்றது. களப்போரக் காற்றில் ஈரப்பதன் மிகுந்திருக்கும் நாட்களில் அந்த ஆவியாதல் குறைந்துவிடும். ஆதலின் நண்பகலில் மணலில் ஓடவிடுவதும், தகரக் கூரையின் கீழ்க் கட்டிவைப்பதும் உயிருக்கே கேடாகும். அதிகாலையிலும் மாலை மயங்கிய பின்னருமே உலாவ விடல் வேண்டும். கிடுகு வேய்ந்த கொட்டிலும், எந்நேரமும் நல்ல தண்ணீரும் தேவை. நாய் தள்ளாடி, மிகையாக இளைத்து, எச்சில் ஒழுக நின்றால் உடனே உடலில் தண்ணீர் ஊற்றி, விசிறி, மிருக வைத்தியரிடம் கொண்டு செல்ல வேண்டும். மயிரை மழித்துவிட்டாற் குளிரும் என்பது தவறான எண்ணம்; தோலை வெயில் சுட்டுவிடும். நாள்தோறும் வாரிவிடுவதே தக்கது. அப்பொழுது உண்ணிகளையும் பார்த்து நீக்கிவிடலாம். உண்ணி கொண்டுவரும் காய்ச்சல் இந்நாட்டில் நாய்களை வாட்டும் நோய்களுள் ஒன்று.

இரண்டாவது சோதனை கடற்கரையிலே கிடக்கும் உணவு. லாப்ரடோரின் பெருந்தீனி பெயர்போனது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2016 இல் இதற்கு ஒரு காரணத்தைக் கண்டனர். பசியடங்கியதை மூளைக்கு உணர்த்தும் மரபணு ஒன்று, ஏறக்குறைய நான்கில் ஒரு லாப்ரடோரிலே பழுதுற்றிருக்கின்றது. ஆகவே அது வயிறு நிறைந்தும் உணவு தேடும். கரைவலையில் அகப்படும் பேத்தை மீனை மீனவர் மணலில் எறிந்துவிடுவர். அம்மீனின் நஞ்சு சமைத்தாலும் அழியாதது. அதற்கு மாற்று மருந்தும் இல்லை. கரையிற் கிடப்பதையெல்லாம் விழுங்கும் நாய்க்கு அதுவே எமனாகலாம். கடலுக்காகவே பிறந்த நாய், கடற்கரையிலேயே மிகுந்த ஆபத்திற்குள்ளாகின்றது என்பதை மறக்கலாகாது. வார் பிடித்து நடத்துவதும், "விடு" என்ற சொல்லுக்கு வாயிலுள்ளதை விடப் பழக்குவதும் இங்கே விளையாட்டல்ல, உயிர்க்காப்பு. நீந்தி வந்த பின் நன்னீரால் உப்பைக் கழுவி, காதுகளைத் துடைத்துவிடவும் வேண்டும்.

மூன்றாவது சோதனையே எல்லாவற்றிலும் பெரியது; அது வீட்டுக்காரரைப் பற்றியது. சோழகக் காற்று வீசி மேற்குக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், இக்கரையின் மீனவர் பலர் கிழக்குக் கரைக்குச் சென்று வாடியமைத்துத் தொழில் செய்வது வழக்கம். அப்பொழுது வீட்டிலிருப்போர் பெண்களும் முதியோரும் பிள்ளைகளுமே. குடும்பத் தலைவர், "நான் இல்லாத காலத்தில் வீட்டுக்குக் காவல் வேண்டும்" என்றெண்ணி அல்சேஷன் குட்டியொன்றை வாங்கிப் பழக்குகின்றார் என்று வைத்துக்கொள்வோம். நாய் அவர் சொல்லுக்கு மட்டுமே அடங்கக் கற்கின்றது. அவர் சென்றபின் அந்த நாற்பது கிலோகிராம் வலிமையைப் பிடித்து நிறுத்துவது யார்? முதிய தாயால் இயலாது. பத்து வயதுப் பிள்ளையாலும் இயலாது. ஈற்றில் நாய் பகலும் இரவும் சங்கிலியிற் கிடக்கும். கட்டிப்போட்ட நாய் வெறி கொள்ளும். வெறி கொண்ட நாய் முதலிற் கடிப்பது பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையையே. காவலுக்கென்று வாங்கியது வீட்டிற்கே அச்சமாகிவிடும்.

ஆகவே நாயைத் தெரிவதற்கு முன், அதன் வாரை ஆண்டு முழுவதும் பிடிக்கப்போகும் கையைத் தெரிதல் வேண்டும்.

இவ்வளவையும் சீர்தூக்கிப் பார்த்தால் முடிவு கடினமன்று. சிலாபத்தை அண்டிய தென்னந்தோட்டம் போன்ற பரந்த வளவு, உறுதியான வேலி, நாள்தோறும் வீட்டிலிருந்து பயிற்றக்கூடிய வளர்ந்தவர் ஒருவர், ஓரளவு வளர்ந்த பிள்ளைகள் ஆகியவை உள்ள குடும்பத்திற்கு அல்சேஷன் பொருந்தும். சிறு பிள்ளைகள் நிறைந்து, உறவினர் வந்துபோகும் வீடாயின் லாப்ரடோர் பொருந்தும். ஆனால் அதன் உணவை அளந்து கொடுக்கவும், காலையும் மாலையும் நடத்திச் செல்லவும் ஆள் இருத்தல் வேண்டும். 30 கிலோகிராம் நிறையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1,400 கிலோகலோரி உணவு தேவை. மிஞ்சிய சோற்றை மட்டும் இட்டு வளர்க்கலாம் என்ற எண்ணம் இவ்விரு நாய்களிடமும் செல்லாது. இரண்டும் இடுப்பு மூட்டு நோய்க்கு ஆளாகக்கூடியவை. ஆதலின் குட்டியை வாங்குமுன் தாய் நாயை நேரிற் கண்டு, அது தடுமாறாமல் நடக்கின்றதா, மனிதரை அஞ்சாமல் அணுகுகின்றதா என்று பார்த்தல் நன்று. தாயைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்காதிருத்தலே நலம்.

இவ்விரண்டு வசதியும் அற்ற வீட்டார், குறிப்பாக ஆண்டிற் சில மாதங்கள் தலைவர் இல்லாத வீட்டார், மூன்றாவது நாயொன்றை எண்ணிப் பார்க்கலாம். அது வாசலிலேயே நிற்கின்றது. நமது ஊர் நாய் குறுமயிரும் நீண்ட காலும் ஒடுங்கிய உடலும் உடையது. இவ்வெயிலிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்து வந்தது. உணவும் குறைவு, இரவிற் சிறு ஓசைக்கும் விழிக்கும். முதிய தாயாரும் பிடித்து நிறுத்தக்கூடிய அளவினது. சிறு குட்டியாக எடுத்து அன்போடு வளர்த்தால், அதன் நன்றிக்கு எந்த இனப் பெயரும் ஈடாகாது.

எந்த நாயை வளர்த்தாலும் இரண்டு கடமைகள் தவறலாகாதவை. ஒன்று, விசர்நாய்க்கடிக்கு எதிரான தடுப்பூசி. 1973 இல் இலங்கையில் 377 பேர் இந்நோயால் இறந்தனர். நாய்களுக்கு ஊசியிடும் பணி பரவியதன் பயனாக, அண்மைய ஆண்டுகளில் அத்தொகை ஐம்பதிற்கும் கீழே இறங்கியிருக்கின்றது. எனினும் நோய் குறி காட்டிய பின்னர் அதற்குச் சிகிச்சை இல்லை. ஆதலின் நாய்க்கு ஆண்டுதோறும் ஊசி போடுவதோடு, கடிபட்டவர் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் பதினைந்து நிமிடம் கழுவி, தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். 1901 ஆம் ஆண்டின் நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டப்படி உள்ளூராட்சிச் சபையில் நாயைப் பதிவதும் உரிமையாளரின் பொறுப்பே.

மற்றொன்று அயலாரின் மனத்தை மதித்தல். இக்கரையில் இந்துக்களும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி அடுத்து வாழ்கின்றனர். நாயை வீட்டுக்குள் அண்டவிடாத குடும்பங்கள் அவர்களிடையே பல உண்டு. அவர்களுடைய முற்றத்தில் தன் நாய் புகாமற் காப்பது, நாய் வளர்ப்பவரின் நாகரிகம். நல்ல வேலி நாயையும் காக்கும், நட்பையும் காக்கும்.

பெயருக்காக வாங்கிய நாய் சங்கிலியிலே வாழ்கின்றது; வீட்டின் நிலையறிந்து எடுத்த நாய் குடும்பத்திலே வாழ்கின்றது. குட்டியைத் தூக்குமுன் வீட்டார் அனைவரும் ஒரு மாலை கூடியமர்ந்து, யார் உணவிடுவது, யார் நடத்துவது, சோழகக் காலத்தில் யார் பொறுப்பேற்பது என்று பேசி முடிப்பார்களாயின், எந்த நாய் என்ற கேள்விக்கு விடை அப்பேச்சிலேயே கிடைத்துவிடும்.