தேநீர்க் கோப்பைக்குள் ஒரு பையன்

ஒரு சிறுவனின் தலை மட்டும் தேநீர்க் கோப்பைக்கு மேலே தெரிய வேண்டும். கழுத்துக்குக் கீழே எதுவும் இருக்கக் கூடாது. கோப்பையை ஒரு தள்ளுவண்டியில் வைத்து மேடைக்குள் உருட்டி வருவார்கள். பையன் அதிலிருந்தபடியே சிரிப்பான், அம்மாவைக் கேள்வி கேட்டுத் துளைப்பான். உடம்பு எங்கே? முன்வரிசையில் உட்கார்ந்து கண்ணை அகல விரித்துத் தேடினாலும் கிடைக்காது!

1994 ஏப்ரல் 18 அன்று நியூயார்க்கின் பேலஸ் தியேட்டரில் தொடங்கிய ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ இசை நாடகத்தில் இப்படி எத்தனையோ மாயங்கள். தேவதைக் கதையிலிருந்து பிறந்த ஒரு கார்ட்டூன் படத்தை, மூச்சு வாங்கும், வியர்வை சிந்தும் மனிதர்களை வைத்து மேடையேற்றிய முயற்சி அது. அதன் பின்பக்கத்தை எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் எனக்கு விலகவே மனம் வராது. வாருங்கள், நீங்களும் பாருங்கள்.

முதலில் ஒரு ரகசியம். இந்தக் கதை திரையிலிருந்து மேடைக்குப் புதிதாகப் போகவில்லை. படத்துக்குள்ளேயே ஒரு மேடை ஒளிந்திருந்தது. அதை ஒளித்து வைத்தவர் பாடலாசிரியர் ஹோவர்ட் ஆஷ்மன். அவர் நாடகக்காரர். இசையமைப்பாளர் ஆலன் மென்கெனோடு சேர்ந்து 1982-இல் ‘லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற சிறிய அரங்க நாடகத்தைப் படைத்துப் பெயர் வாங்கியவர். அந்த ஜோடியைத்தான் டிஸ்னி தன் கார்ட்டூன் படங்களுக்கு அழைத்துக்கொண்டது. நாயகி பெல் முதல் பாட்டிலேயே தன் ஊரைச் சுற்றி வருவாள், ஊரே அவளைப் பற்றிப் பாடும், பாட்டு முடியும்போது அவள் என்ன ஏங்குகிறாள் என்று நமக்குத் தெரிந்துவிடும். நியூயார்க்கின் பிராட்வே நாடகங்கள் காலம் காலமாகச் செய்து வந்த வேலை இது. ஆஷ்மன் அதை அப்படியே ஓவியர்களின் மேசைக்குக் கொண்டுபோனார். உடல்நிலை மோசமாக இருந்ததால் படக்குழுவே அவர் வீட்டுக்கு அருகில் வந்து தங்கி வேலை செய்தது. எய்ட்ஸ் நோயால் 1991 மார்ச் 14 அன்று தன் நாற்பதாவது வயதில் அவர் இறந்தார். படம் வெளியானது நவம்பரில்.

படம் வந்த கையோடு, பிராட்வேயின் கசாப்புக்காரர் என்று பெயர் எடுத்திருந்த நியூயார்க் டைம்ஸ் விமர்சகர் ஃபிராங்க் ரிச் ஒரு குண்டைப் போட்டார். அந்த வருடத்தின் மிகச் சிறந்த பிராட்வே பாடல்களைக் கேட்க வேண்டுமானால் இந்தக் கார்ட்டூன் படத்துக்குப் போங்கள் என்ற பொருளில் எழுதினார்! சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இடம்பிடித்த முதல் கார்ட்டூன் படமும் இதுதான். டிஸ்னியின் தலைவர் மைக்கேல் ஐஸ்னருக்கு மேடை ஆசை பற்றிக்கொண்டதில் ஆச்சரியம் என்ன?

ஆனால் ஐஸ்னர் பிராட்வே ஜாம்பவான்களைத் தேடிப் போகவில்லை. இயக்குநர் ராபர்ட் ஜெஸ் ராத், நடன அமைப்பாளர் மாட் வெஸ்ட், அரங்க அமைப்பாளர் ஸ்டான் மேயர் மூவரும் டிஸ்னியின் கேளிக்கைப் பூங்காக்களில் நிகழ்ச்சி நடத்தியவர்கள். பிராட்வேயில் பலர் முகம் சுளித்தார்கள். எனக்கு இது மிகச் சரியான தேர்வாகப் படுகிறது. வெயிலில் நிற்கும் குழந்தைகளின் கண்ணை நகரவிடாமல் பிடித்து வைக்கக் கற்றவர்களுக்கு வியப்பு என்பது அன்றாடத் தொழில்.

இப்போது பெரிய சிக்கலுக்கு வருவோம். படத்தில் சாபம் விழுந்த மாளிகையில் வேலைக்காரர்கள் அத்தனை பேரும் பொருள்களாகிவிட்டார்கள். மெழுகுவர்த்தித் தாங்கி லுமியேர் ஒரு முழ உயரம் இருப்பார். கடிகாரம் காக்ஸ்வொர்த் மேசைமேல் குதிப்பார். தேநீர்ப் பானை மிசஸ் பாட்ஸ் ஆவி பறக்கத் தத்தித் தத்தி வருவார். பென்சில் பிடித்த ஓவியருக்கு இது விளையாட்டு. மேடையில்? வேடம் கட்டுகிறவர் ஆறடி மனிதர். அவரை எந்த அலமாரியில் வைப்பது?

மூலக்கதையும் உதவிக்கு வரவில்லை. 1740-இல் வில்நெவ் அம்மையாரும், அதைச் சுருக்கி 1756-இல் போமோன் அம்மையாரும் பிரெஞ்சில் எழுதிய கதையில் இந்தப் பேசும் பாத்திரங்களே கிடையாது. 1946-இல் ழான் காக்தோ எடுத்த பிரெஞ்சுப் படத்தில் சுவரிலிருந்து மனிதக் கைகள் நீண்டு விளக்குகளைப் பிடித்திருக்கும். உடம்பு நடுங்க வைக்கும் அழகு அது. அங்கேதான் மனிதனும் பொருளும் பாதிப் பாதியாகக் கலந்த ஒரு சாயல் இருந்தது.

படத்துக்குத் திரைக்கதை எழுதிய லிண்டா வூல்வெர்ட்டன்தான் நாடகத்தையும் எழுதினார். அதில் வந்த தீர்வைக் கேளுங்கள், துள்ளிக் குதிக்கத் தோன்றும். சாபம் இன்னும் முடியவில்லை! வேலைக்காரர்கள் பொருள்களாகிவிடவில்லை, ஆகிக்கொண்டிருக்கிறார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் இருக்கும் மந்திர ரோஜா இதழ் உதிர உதிர, ஒவ்வொருவரும் இன்னும் கொஞ்சம் மரமாகவும் பித்தளையாகவும் பீங்கானாகவும் இறுகுகிறார்கள். காக்ஸ்வொர்த்தின் முதுகில் திடீரென ஒரு சாவி முளைக்கும். நேற்று இல்லாத சாவி. அவர் பதறும்போது அரங்கம் சிரிக்கும், சிரிப்போடு ஒரு திகிலும் உள்ளே இறங்கும்.

நடிகர்களைச் சிறிதாக்க முடியாது என்ற தடைதான் இந்த யோசனையைப் பெற்றுத் தந்தது. படத்தில் காலக்கெடு மிருகமாகிவிட்ட இளவரசனுக்கு மட்டும். நாடகத்தில் அடுப்படியிலிருந்து மாடிவரை எல்லோருக்கும் மணி ஓடுகிறது. லுமியேர் காதலியை அணைக்கத் துடிப்பார், ஆனால் கை இருக்க வேண்டிய இடத்தில் நெருப்பு. இப்போது அந்தக் கோப்பைப் பையன் சிப்பை மறுபடி நினைத்துப் பாருங்கள். மிசஸ் பாட்ஸுக்கு முகம் இருக்கிறது, நடக்கக் கால் இருக்கிறது, ஒரு கை மட்டும் மூக்குக் குழாயாக வளைந்துவிட்டது. மகனுக்கோ மிஞ்சியது தலை மட்டும். அந்த மாளிகையிலேயே அதிகமாக மாறிப்போனவன் அவளுடைய குழந்தை. ஒரு தந்திரக் காட்சி ஒரு தாயின் பயமாக மாறுகிற இடம் அது. இந்த நாடகத்தில் எனக்கு மிகப் பிடித்த தையல் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

தையல் என்றதும் ஆன் ஹூல்ட்-வார்டின் பெயரைச் சொல்லியாக வேண்டும். உடைகள் அவருடையவை. மனிதன் எங்கே முடிகிறான், பொருள் எங்கே தொடங்குகிறது என்ற எல்லைக்கோட்டைத் துணியிலும் கம்பியிலும் வரைந்தவர் அவர். லுமியேராக வந்த கேரி பீச்சின் இரண்டு கைகளிலும் எரிந்தது நிஜத் தீ. எரிவாயு உடைக்குள் மறைந்திருக்கும். அதை ஏந்திக்கொண்டுதான் அவர் ஆட வேண்டும், பாட வேண்டும், வசனத்துக்குக் கைதட்டலும் வாங்க வேண்டும். பெத் ஃபவுலர் தேநீர்ப் பானையாக ஒரு கையைக் குழாய்போல் தூக்கிப் பிடித்தபடியே பாடினார். நீங்கள் ஒரு பாட்டு முடியும்வரை ஒரு கையை அப்படித் தூக்கி வைத்துப் பாருங்கள், தோள் கதறும்! ஒன்பது டோனி விருதுப் பரிந்துரைகளில் நாடகம் வென்றது ஒன்றே ஒன்று. அது இந்த உடைகளுக்குத்தான். சிறந்த இசை நாடகத்துக்கான விருது அந்த வருடம் ஸ்டீஃபன் சோண்ட்ஹைமின் ‘பேஷன்’ நாடகத்துக்குப் போனது.

விருந்துப் பாட்டான ‘பீ அவர் கெஸ்ட்’ எப்படி மேடையேறியது? படத்தில் தட்டுகள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும். மேடையில் நடனக்காரர்களே கத்தி, கரண்டி, தட்டு, உப்புக் குப்பி எல்லாம். வட்டமான தட்டைக் கட்டிக்கொண்டு கால் தூக்கி ஆடுவது எவ்வளவு பாடு! ஆனால் என் ஓட்டு வில்லன் கஸ்தோனின் மதுக்கடைப் பாட்டுக்கு. மாட் வெஸ்ட் எல்லோர் கையிலும் உலோகக் குவளைகளைக் கொடுத்துவிட்டார். மேலே, கீழே, பக்கத்து ஆளின் குவளையில், எதிர் ஆளின் குவளையில் என்று தட்டித் தட்டியே தாளம் எழும்பும், வேகம் ஏறிக்கொண்டே போகும். ஒருவர் பிசகினால் வரிசையே பிசகும். மந்திரமும் இல்லை, எந்திரமும் இல்லை. தீபாவளிச் சரவெடி கணக்காக அரங்கம் அதிரும்.

அடுத்தது நேரக் கணக்கு. படம் 84 நிமிடம். நாடகத்துக்கு இரண்டரை மணி நேரம் வேண்டும், நடுவில் இடைவேளையும் வேண்டும். படத்தில் மிருகத்துக்குத் தனிப்பாட்டே கிடையாது. கதாநாயகன் தனியாகப் பாடாத இசை நாடகத்தை யார் ஏற்பார்கள்? மென்கென் மெட்டமைக்க, ஆஷ்மன் இல்லாத இடத்தில் டிம் ரைஸ் வரிகள் எழுதினார். பெல் மாளிகையை விட்டு ஓடுகிறாள். மிருகமாக நடித்த டெரன்ஸ் மான் தனியே நின்று ‘இஃப் ஐ கான்ட் லவ் ஹர்’ பாடுகிறார். அதோடு இடைவேளை. முகத்தில் ஒட்டிய செயற்கைத் தோல், கொம்பு, பிடரி மயிர் எல்லாவற்றையும் தாண்டிக் குரல் வர வேண்டும். வந்தது. படத்தில் நாம் பார்த்துப் பயந்த மிருகத்தின் மனசுக்குள் நாடகத்தில் நுழைந்துவிடுகிறோம்.

1998-இல் பாப் பாடகி டோனி பிராக்ஸ்டன் பெல் வேடமேற்றபோது அவருக்காக ‘எ சேஞ்ச் இன் மீ’ எழுதினார்கள். அவர் போன பிறகும் அந்தப் பாட்டு போகவில்லை, நாடகத்தோடு ஒட்டிக்கொண்டது.

இதைவிட இனிப்பான விஷயம் ‘ஹியூமன் அகெய்ன்’. ஆஷ்மனும் மென்கெனும் படத்துக்காகவே எழுதிய நீளமான பாட்டு. மறுபடி மனிதர்களானால் என்னவெல்லாம் செய்வோம் என்று வேலைக்காரர்கள் கனவு காண்பார்கள். அந்தப் பாட்டுக்குள் மாதங்கள் ஓடிவிடுவதால், அவ்வளவு நாள் பெல்லின் அப்பா என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்வி எழுந்தது. படத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். மேடைக்காக அதைச் செப்பனிட்டு எடுத்தபோது, பொருளாகிக்கொண்டிருக்கும் மனிதர்கள் பாடும் பாட்டாக அதற்கு இரட்டிப்பு அர்த்தம் கிடைத்தது. அது மேடையில் பிடித்துப்போய், 2002-இல் படத்தை மறுபடி வெளியிட்டபோது புதிதாக ஓவியம் வரைந்து படத்துக்குள்ளேயே சேர்த்துவிட்டார்கள்! ஆஷ்மன் இறந்து பதினோரு வருடம் கழித்து அவர் பாட்டு வீடு திரும்பியது. எழுதும்போதே எனக்குத் தொண்டை அடைக்கிறது.

கடைசியில் அந்தக் காட்சி. மிருகம் இளவரசனாக வேண்டும். இருட்டாக்கிவிட்டு ஆளை மாற்றும் பேச்சே கிடையாது. அதற்காகக் கூப்பிட்டது மாயாஜாலக்காரர்களுக்கே வித்தை வடிவமைத்துக் கொடுக்கும் ஜிம் ஸ்டைன்மேயரையும் ஜான் கானையும். செத்துக் கிடக்கும் மிருகம் தரையிலிருந்து மேலே எழும்பும். அந்தரத்தில் சுழலும். நடாஷா காட்ஸின் ஒளிக்கற்றைகள் மேடையைக் கிழிக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரோமம் போய், கொம்பு போய், மனித முகத்தோடு இறங்குவார். தீயணைப்பு வீரரானாலும் கணக்கு வாத்தியாரானாலும் அந்த நிமிடம் வாய் பிளந்துதான் இருப்பார்.

ஹூஸ்டன் நகரில் 1993 இறுதியில் வெள்ளோட்டம் விட்ட இந்த நாடகம், பேலஸில் ஐந்து வருடம், பிறகு லன்ட்-ஃபான்டேன் தியேட்டரில் 2007 ஜூலை 29 வரை, மொத்தம் 5,461 முறை நடந்தது. அத்தனை இரவும், எல்லோரும் அந்தரத்தில் சுழலும் இளவரசனை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மேடைக்குப் பின்னால் இன்னொரு ஓட்டம் நடந்தது. சாபம் நீங்கிவிட்டதே! மெழுகுவர்த்தி, கடிகாரம், தேநீர்ப் பானை எல்லாம் அவசர அவசரமாகக் கழற்றப்பட வேண்டும். லுமியேருக்கு இரண்டு வெறுங்கைகள் வேண்டும், மிசஸ் பாட்ஸுக்குக் குழாய் இல்லாத கை வேண்டும். சிப்புக்கு உடம்பு வேண்டும், கால் வேண்டும், அம்மாவை நோக்கி ஓட வேண்டும். இசைக்குழு காத்திருக்காது.