1000 வாட்ஸ் பெட்டிக்குள் எத்தனை வாட்ஸ்?

ஹோம் தியேட்டர் வாங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எத்தனை வாட்ஸ் வாங்கலாம்?" என்பதுதான். கம்ப்யூட்டர் வாங்கும்போது எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்று கேட்பது போல. கடைக்காரரும் இந்தக் கேள்விக்குத் தயாராகவே இருப்பார். ஒரு பக்கம் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்ட பெட்டி. அதில் ஐந்து ஸ்பீக்கர்களும் ஒரு சப்வூஃபரும் சேர்ந்தே வந்துவிடும். இன்னொரு பக்கம் தனி ஏ.வி. ரிசீவர். அதன் பேப்பரில் 70 வாட்ஸ் என்று இருக்கும். ஸ்பீக்கர்களைத் தனியாக வாங்க வேண்டும். விலையும் அதிகம்.

என் அக்கா மகன் இப்படித்தான் ஒரு கடையில் நின்றுகொண்டு போன் செய்தான். "மாமா, 70 வாட்ஸுக்கு இவ்வளவு காசு கொடுக்கிறதுக்கு 1000 வாட்ஸையே வாங்கிடட்டுமா?" நியாயமான கேள்வி. பெட்டியின் அடியில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படித்துக் காட்டச் சொன்னேன். அவன் படித்த எண்களை வைத்தே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வாட்ஸ் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

முதலில் ஒரு பழைய கதை. 1990களிலும் 2000களிலும் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் வாங்கியவர்களுக்கு பி.எம்.பி.ஓ. என்ற நான்கு எழுத்துகள் மறந்திருக்காது. உள்ளங்கை அகல ஸ்பீக்கரில் 400 வாட்ஸ், 1000 வாட்ஸ் என்று போட்டிருப்பார்கள். பீக் மியூசிக் பவர் அவுட்புட் என்பது அதன் விரிவு. இதை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட வரையறை எதுவும் இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொருவரும் தன் மனம் போல ஓர் எண்ணை அச்சிட்டார்கள். அந்த ஸ்பீக்கரின் அடாப்டரைத் திருப்பிப் பார்த்தால் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருக்கும். பெருக்கினால் 24 வாட்ஸ். உள்ளே போவதே 24 என்றால் வெளியே தொடர்ந்து அதற்கு மேல் எப்படி வரும்?

பிறகு பி.எம்.பி.ஓ.வுக்குப் பதிலாக ஆர்.எம்.எஸ். என்ற எழுத்துகள் வந்தன. இது உண்மையான அளவு என்று நம்மில் பலர் நிம்மதியடைந்தோம். பி.எம்.பி.ஓ.வோடு ஒப்பிட்டால் உண்மைதான். ஆனால் ஆர்.எம்.எஸ். என்று போட்டுவிட்டாலே கணக்கு முடிந்துவிடாது. எந்த நிபந்தனையில் அளந்தார்கள் என்பதுதான் முக்கியம். பைக் விளம்பரத்தில் லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று போடுவார்கள். ஒற்றை ஆளா, இரண்டு பேரா, மவுண்ட் ரோடு டிராஃபிக்கிலா, காலியான பைபாஸிலா என்று தெரியாமல் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை அல்லவா? அதுபோலத்தான்.

பொடி எழுத்தில் என்ன இருந்தது?

அந்த 1000 வாட்ஸ் பெட்டியின் கணக்கு இது. ஐந்து ஸ்பீக்கர்களுக்குத் தலா 143 வாட்ஸ், ஆக 715. சப்வூஃபருக்கு 285. கூட்டினால் சரியாக 1000. அளந்த நிபந்தனை: 3 ஓம், 1 கிலோஹெர்ட்ஸ், 10 சதவீதம் டி.எச்.டி. கூட்டல் சரிதான். நிபந்தனையில்தான் விஷயம் இருக்கிறது.

பக்கத்தில் இருந்த ரிசீவருக்கு யமஹாவின் ஆர்எக்ஸ்-வி385 என்ற 5.1 மாடலை எடுத்துக்கொள்வோம். 2018ல் வந்த இதன் விவரக் குறிப்பில் ஒரே மெஷினுக்கு மூன்று எண்கள் இருக்கின்றன. 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்களும் ஒன்றாக ஓடும்போது, 6 ஓம், 0.09 சதவீத டி.எச்.டி.யில் 70 வாட்ஸ். 1 கிலோஹெர்ட்ஸ் மட்டும், ஒரே சேனல், 0.9 சதவீதத்தில் 100 வாட்ஸ். அதே 1 கிலோஹெர்ட்ஸ், ஒரே சேனல், 10 சதவீதத்தில் 135 வாட்ஸ். மெஷினில் ஒரு ஸ்க்ரூகூட மாறவில்லை. கேள்வியை மாற்றியதால் பதில் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிட்டது. மூன்றையும் நிபந்தனையோடு அச்சிட்டிருப்பதால் இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எந்த எண்ணை எந்த எண்ணோடு ஒப்பிடுகிறோம் என்பதில் நாம்தான் கவனமாக இருக்க வேண்டும்.

இப்போது பள்ளிக்கூட பிசிக்ஸ் கொஞ்சம். பவர் என்பது வோல்டேஜின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் வகுத்தால் வருவது. 1000 வாட்ஸ் பெட்டியின் ஒரு சேனல் 3 ஓமில் 143 வாட்ஸ் தருகிறது. அதற்கு வேண்டிய வோல்டேஜ் 20.7. ரிசீவர் 6 ஓமில் 70 வாட்ஸ் தருகிறது. அதற்கு வேண்டிய வோல்டேஜ் 20.5. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! 143 என்றும் 70 என்றும் நம்மை மலைக்க வைத்த இரண்டு ஆம்ப்ளிஃபையர்களும் ஸ்பீக்கர் ஒயரில் தள்ளும் வோல்டேஜ் சமம். ஓம் பாதியானதால் வாட்ஸ் இரட்டிப்பாகத் தெரிகிறது. 3 ஓமில் இரண்டு மடங்கு கரண்ட் கொடுக்க வேண்டும் என்பது உண்மை, அந்த அளவுக்கு அந்தப் பெட்டிக்கும் மதிப்பெண் கொடுக்க வேண்டியதுதான். ஆனால் அது 10 சதவீத டிஸ்டார்ஷனோடு, 1 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே சுருதியில் எட்டிய உயரம். ரிசீவரின் 70 வாட்ஸோ அடித்தொண்டையிலிருந்து உச்சஸ்தாயி வரை, 0.09 சதவீதத்தில், இரண்டு சேனல்களையும் சேர்த்து ஓட்டி எட்டியது.

10 சதவீதம் என்றால் என்ன?

டி.எச்.டி. என்பது டோட்டல் ஹார்மோனிக் டிஸ்டார்ஷன். மூலத்தில் இல்லாத ஒலியை ஆம்ப்ளிஃபையர் தானாக எவ்வளவு சேர்க்கிறது என்ற அளவு. ஆம்ப்ளிஃபையர் தன் சக்தியின் எல்லையை எட்டியதும் ஒலி அலையின் தலையையும் காலையும் நறுக்கிவிடுகிறது. இதற்கு கிளிப்பிங் என்று பெயர். 10 சதவீதம் என்றால் நறுக்கல் பலமாகவே நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். கல்யாண மண்டபத்தில் மைக்செட் கரகரக்கும்போது கேட்பது இதுதான்.

காது வலிப்பதோடு போனால் பரவாயில்லை. நறுக்கிய அலையில் உயர்ந்த ஃபிரீக்வன்சி சமாச்சாரம் புதிதாக முளைக்கிறது. அது ட்வீட்டருக்குப் போகிறது. ட்வீட்டரின் காயில் மெல்லிய கம்பி. சாதாரண இசையில் அதற்கு வரும் பங்கு மிகக் குறைவு என்பதால் அந்தக் கம்பி போதும். கிளிப்பிங்கில் தொடர்ந்து ஓட்டினால் சூடேறிக் கருகிவிடும். "100 வாட்ஸ் தாங்கும் ஸ்பீக்கரை 40 வாட்ஸ் ஆம்ப்ளிஃபையரா எரித்தது?" என்று ஆச்சரியப்படுபவர்கள் உண்டு. எரிக்கும், முழு வால்யூமில் வைத்தால்.

அமெரிக்காவில் இந்த வாட்ஸ் விளையாட்டு முற்றிப்போய், 1974லேயே ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்கென்று ஒரு விதி கொண்டுவந்தது. அந்த விதியை 2024ல் திருத்தி, 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, டி.எச்.டி. 1 சதவீதத்துக்குள் என்று அளக்கும் நிபந்தனைகளையே வரையறுத்துவிட்டார்கள். நம் ஊர்க் கடையில் பேரம் பேசும்போதும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். ஃபுல் பேண்ட், இரண்டு சேனல், 1 சதவீதத்துக்குள்: இந்த எண் எங்கே என்று கேளுங்கள். மேனுவலின் கடைசிப் பக்கங்களில் இருக்கும். இல்லையென்றால் அந்த மாடலை நான் ஒதுக்கிவிடுவேன்.

ஓமையும் சமப்படுத்திக்கொள்ள மறக்க வேண்டாம். ஒரு கம்பெனி 8 ஓமில் 80 வாட்ஸ் என்கிறது, இன்னொன்று 6 ஓமில் 70 வாட்ஸ் என்கிறது. வித்தியாசம் 10 வாட்ஸ்தானே என்று நினைப்போம். 6 ஓமில் 70 என்பது 8 ஓம் ஸ்பீக்கரில் 50 சொச்சம்தான் வரும். அதே போல, இரண்டு சேனலில் 70 என்றால் ஐந்து சேனலில் 350 என்று பெருக்கிவிடாதீர்கள். எல்லாச் சேனல்களுக்கும் ஒரே டிரான்ஸ்ஃபார்மர்தான். ஐந்தும் ஒன்றாகக் கேட்டால் தலைக்குக் கிடைப்பது கணிசமாகக் குறையும். படத்தில் ஐந்து சேனலும் ஒரே நேரத்தில் முழு மூச்சில் கத்துவது அபூர்வம் என்பதால் இது அவ்வளவு பெரிய குறையல்ல.

காதுக்கு எத்தனை வாட்ஸ் வேண்டும்?

இந்தப் பகுதியைத்தான் கடையில் யாரும் சொல்வதில்லை. வாட்ஸ் இரட்டிப்பானால் சத்தம் இரட்டிப்பாகாது. 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற சுமார் 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். மேலே பார்த்த 70 வாட்ஸுக்கும் 100 வாட்ஸுக்கும் இடையே ஒன்றரை டெசிபல். 135க்குப் போனாலும் 3 டெசிபல்கூட முழுதாக இல்லை. ரிமோட்டில் வால்யூமை நாலைந்து தட்டு ஏற்றினால் கிடைக்கிற வித்தியாசம்.

ஸ்பீக்கரின் பின்னால் சென்சிட்டிவிட்டி என்று ஓர் எண் இருக்கும். உதாரணமாக 87 டெசிபல். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் இத்தனை சத்தம் என்று பொருள். நம் வீட்டு ஹாலில் ஸ்பீக்கருக்கும் சோபாவுக்கும் 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒரு வாட்டில் 77 டெசிபல் சொச்சம் வந்து சேரும். சிமெண்ட் சுவரும் டைல்ஸ் தரையும் திருப்பி அடிப்பதால் உண்மையில் இன்னும் கூடும். வசனம் கேட்க இதுவே அதிகம். ஆம், நாம் சாதாரணமாகப் படம் பார்க்கும்போது ஓடுவது ஒரு வாட்டுக்கும் குறைவு! குண்டு வெடிக்கும் கணத்தில்தான் 20 டெசிபல் தாவ வேண்டியிருக்கும், அந்தக் கணத்துக்கு மட்டும் நூறு மடங்கு. 70 வாட்ஸ் ரிசீவரில் ஒரு ஸ்பீக்கரிலிருந்தே 96 டெசிபல் வரை வரும். பக்கத்து ஃபிளாட்காரர் கதவைத் தட்ட அது தாராளம்.

ஆகவே வாட்ஸுக்குக் கொட்டும் காசை ஸ்பீக்கரில் போடுங்கள் என்பேன். 87க்குப் பதில் 90 டெசிபல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கர் வாங்கினால் ஆம்ப்ளிஃபையரை இரட்டிப்பாக்கியதற்குச் சமம். கரண்ட் பில்லும் ஏறாது. ஸ்பீக்கரின் ஓம் மட்டும் ரிசீவரின் பின்புறம் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே போகக் கூடாது. 6 ஓம் என்று போட்டிருக்கும் ரிசீவரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டிச் சத்தமாக ஓட்டினால் சூடேறிப் படத்தின் நடுவிலேயே புரொடெக்‌ஷனில் போய் அணைந்துவிடலாம். சப்வூஃபர் வாங்கினால் சொந்த ஆம்ப்ளிஃபையர் உள்ள ஆக்டிவ் வகையாகப் பாருங்கள். செட்டப் மெனுவில் மற்ற ஸ்பீக்கர்களை ஸ்மால் என்று வைத்து 80 ஹெர்ட்ஸில் கிராஸ்ஓவர் கொடுத்தால், பவரை அதிகம் தின்னும் பேஸ் முழுவதும் அதற்குப் போய்விடும். ரிசீவருக்குப் பாதி பாரம் இறங்கிய மாதிரி.

பின்பக்க லேபிள்

அடாப்டரைப் பெருக்கிப் பார்த்த தந்திரம் ரிசீவருக்கு அப்படியே பொருந்தாது. ரிசீவரின் பின்னால் போட்டிருக்கும் மின்செலவு அதிகபட்ச அளவு அல்ல. ஐ.இ.சி. பாதுகாப்புத் தர அளவீட்டில், ஆம்ப்ளிஃபையர் கிளிப் ஆகாமல் தரும் பவரில் எட்டில் ஒரு பங்கில் ஓட்டி அளக்கிறார்கள். இசையின் சராசரி ஏறக்குறைய அந்த அளவில்தான் இருக்கும் என்ற கணக்கு. எனவே லேபிளில் குறைவாக இருக்கிறதே என்று நல்ல ரிசீவரை ஒதுக்கிவிடாதீர்கள். தூக்கிப் பார்த்து எடையை வைத்துச் சொல்லும் பழைய வழக்கமும் சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் உள்ள மாடல்களுக்குத்தான் செல்லும். கிளாஸ் டி ஆம்ப்ளிஃபையர்கள் லேசாகவே இருக்கும்.

நம் ஊர் லோ வோல்டேஜ் பற்றிக் கேட்பவர்களும் உண்டு. ஸ்டெபிலைஸ் செய்யாத சாதாரண டிரான்ஸ்ஃபார்மர் சப்ளையில் 230 வோல்ட் 207க்கு இறங்கினால் அதிகபட்ச பவர் 19 சதவீதம் குறையும். டெசிபலில் ஒன்றுக்கும் குறைவு, காதுக்குத் தெரியாது.

லேபிளில் உண்மையிலேயே கண்ணை வைக்க வேண்டியது வோல்டேஜ் எண்ணில்தான். அமெரிக்காவிலிருந்து உறவினர் ஆசையாகத் தூக்கி வந்த ரிசீவரில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று மட்டும் போட்டிருந்தால் நம் பிளக்கில் செருகிய கணத்தில் ஃபியூஸோ டிரான்ஸ்ஃபார்மரோ போய்விடும். ஸ்டெப்டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம். லேபிளில் உள்ள வாட்ஸைப் போல இரண்டு மடங்காவது தாங்கும் வி.ஏ. அளவில் வாங்குங்கள். அந்த டிரான்ஸ்ஃபார்மரின் வி.ஏ.வும் தொடர்ந்து தாங்கும் அளவா, சில நிமிடங்களுக்கான அளவா என்று கடையிலேயே கேட்டுவிடுங்கள்.