திரிகோணகணிதம் மறுக்கப்பட்ட மாணவி

பொதுக்கொள்கை ஆராய்ச்சிக்குப் பொருளியலை வாயிலாகக் கொண்டு புகுவோர் பலர். அவ்வாயில் அடைக்கப்பட்ட பின்பும் உட்புகுந்தவர் எலினோர் ஒஸ்ரம் அம்மையார். 2009ஆம் ஆண்டிற் பொருளியலுக்குரிய நோபெல் பரிசை ஒலிவர் வில்லியம்சனுடன் பகிர்ந்துகொண்ட அவரே அப்பரிசு பெற்ற முதற் பெண்மணி. ஆயினும், பரிசினும் அவருடைய இளமைக் கல்வியே மாணவர் அறியத்தக்கது.

1933இல் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிற் பிறந்தார். வீட்டில் எவரும் சர்வகலாசாலை கண்டவரல்லர். பாடசாலையிலே திரிகோணகணிதம் கற்க விரும்பியபோது, அட்சரகணிதத்திலும் கேத்திரகணிதத்திலும் மிகவுயர்ந்த புள்ளி பெறாத பெண்ணுக்கு அது வேண்டாவென்றனர். நூலகத்திலும் புத்தகக்கடையிலும் வேலைசெய்து படித்து, 1954இற் கலிபோணியாச் சர்வகலாசாலையில் அரசறிவியற் பட்டம் பெற்றார். வேலைதேடிச் சென்றவிடத்து முதற்கேள்வி, தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் தெரியுமா என்பதே. தபால்மூலம் சுருக்கெழுத்துப் பயின்றார். எந்த அதிகாரி சொல்லவும் அதனால் எழுத நேரவில்லை. பிற்காலத்தில் ஆராய்ச்சிக்காக நேரிற் கண்டு உசாவியோர் கூற்றுக்களைக் குறித்துக்கொள்ள அஃது உதவிற்று!

பின்னர்ப் பொருளியலிற் கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பித்தார். கணிதம் போதாதென மறுத்தனர். கற்கவிடாது தடுத்தபின் கல்லாமையைக் குற்றமாக்கும் நீதி எம் பாடசாலைகளுக்கும் புதியதன்று.

அரசறிவியலில் இடங்கிடைத்தது. பின்னாளிற் கணவரான வின்சன்ற் ஒஸ்ரம் நடத்திய கருத்தரங்கிலே, லொஸ் ஏஞ்சலிஸ் கரையோரத்து நிலத்தடி நீர்ப்படுகையொன்று அவருக்கு ஆய்பொருளாயிற்று. கிணறுடையோர் அளவின்றி இறைத்தமையாற் கடல்நீர் உட்புகுந்திருந்தது. யாழ்ப்பாணத்துக் கிணறுகள் உவர்த்தலைக் கண்டோர்க்கு இதனை விரித்தல் வேண்டா. அங்குள்ளோர் சங்கம் அமைத்தனர்; வழக்காடினர்; ஈற்றில் இறைக்கும் அளவை உடன்பாட்டாற் குறைத்தனர்; கரையோரக் கிணறுகளில் நன்னீர் செலுத்திக் கடலைத் தடுத்தனர். பொதுவளத்தை அரசு ஆளவேண்டும், அன்றேல் தனியார்க்குப் பிரித்துக்கொடுக்கவேண்டும் என்று அறிஞர் பலர் கூறிய காலத்தில், வளத்தை நுகர்வோர் தாமே விதி வகுத்தலை அம்மாணவி கண்டார். அவ்வாய்வுக்கு 1965இற் கலாநிதிப் பட்டம் கிடைத்தது.

1990இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் இலங்கையும் இடம்பெறுகிறது. மாவெல்லைக் கடற்கரையிற் கரைவலைகள் பெருகி வருவாய் அருகியமையைத் தோல்வியென வகுத்தார். கல்லோயாவில் 1980களில் உழவர் குழுக்கள் வாய்க்கால் திருத்தி, நீரை முறைவைத்துப் பகிர்ந்தமையை இன்னும் உறுதிபெறாத முயற்சியென்றார். அக்கல்லோயாவிலே, மேற்பகுதிச் சிங்கள உழவர் மிச்சம்பிடித்த நீர் கடைப்பகுதித் தமிழ் உழவரின் வயல்களையும் அடைந்தது.