உங்களுக்குத் தெரியுமா? கார் வந்துவிடும், லைன் தாங்குமா?

● ஆந்திராவின் வெதுருகுப்பம் பக்கம் மாந்தோப்பு வைத்திருப்பவருக்கு 5 எச்பி மோட்டாரைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கணக்கிலேயே மின்காரையும் பார்க்கலாம். 5 எச்பி என்றால் ஏறக்குறைய 3.7 கிலோவாட். சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில் செருகினால் கார் இழுப்பது 3.3 கிலோவாட். ஆக, காருக்கு சார்ஜ் போடுவதும் போர் மோட்டார் போடுவதும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சுவரில் மாட்டும் 7.2 கிலோவாட் சார்ஜர் வாங்கினால் அது 10 எச்பி மோட்டாருக்குச் சமம். மோட்டாருக்காவது மூன்று ஃபேஸ் உண்டு. சிங்கிள் ஃபேஸ் வீட்டில் இந்தச் சுமை முழுவதும் ஒரே ஃபேஸ் தலையில் விழும்.

● கரண்ட் பில் வந்ததும் நாம் பார்ப்பது இரண்டு எண்கள்: எத்தனை யூனிட், எவ்வளவு ரூபாய். மூன்றாவதாக ஓர் எண் ஓரமாக இருக்கும். அதுதான் காண்ட்ராக்ட் லோடு, கிலோவாட்டில். மாதம் முழுவதும் எவ்வளவு செலவழித்தோம் என்பது யூனிட். ஒரே நேரத்தில் எவ்வளவு இழுக்கலாம் என்பது லோடு. டியூப்லைட், ஃபேன், டிவி என்று இருந்த காலத்தில் இணைப்பு வாங்கிய பல வீடுகளில் அந்த லோடு இன்னும் ஒரு கிலோவாட்டிலேயே நிற்கிறது. நடுவில் ஏசி வந்தது, கீசர் வந்தது. எண் மட்டும் மாறவில்லை.

சும்மா கூட்டிப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி 1.5, கீசர் 2, கார் 3.3. மொத்தம் 6.8 கிலோவாட். 230 வோல்ட்டில் இது சுமார் 30 ஆம்பியர். மிக்சி, அயர்ன் பாக்ஸ் கணக்கில் வரவில்லை. எல்லை தாண்டி தமிழ்நாட்டில் 4 கிலோவாட்டுக்கு மேல் போனாலே த்ரீ ஃபேஸ் இணைப்பு கேட்பார்கள்.

● ‘ஹீட் பம்ப்’ என்றதும் ஏதோ ஐரோப்பியச் சமாச்சாரம் என்று தோன்றும். உங்கள் வீட்டு ஏசியே ஒரு ஹீட் பம்ப்தான்! அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. அதையே திருப்பிப் போட்டால், வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை அள்ளித் தண்ணீரில் சேர்க்கும். டைகின், புளூ ஸ்டார் போன்ற நிறுவனங்கள் திருப்பதி மாவட்டத்து ஸ்ரீசிட்டியிலும் ஏசி தயாரிக்கின்றன.

ஹீட் பம்பில் லாபம் என்ன? 100 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்கு ஏற்ற கீசருக்கு ஏறக்குறைய 3 யூனிட் வேண்டும். ஹீட் பம்புக்கு ஒரு யூனிட் போதும். வெப்பத்தை அது உண்டாக்குவதில்லை, இடம் மாற்றுகிறது. அதனால்தான் இந்தச் சிக்கனம். லைன் மீது விழும் சுமையும் குறைவு. ஆனால் விலை கையைக் கடிக்கும். வீட்டைச் சூடாக்க ஹீட் பம்ப் தேவைப்படும் ஊரும் நம்முடையதல்ல. மார்கழிக் குளியலுக்கு மொட்டைமாடி சோலார் ஹீட்டரே போதும் என்பேன்.

● கிராமத்துத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர்களில் 25 கேவிஏ என்பது சகஜமான அளவு. ஒரே தெருவில் மூன்று பேர் 7.2 கிலோவாட் சார்ஜர் போட்டு, மூவரும் இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பிச் செருகினால் 21 கிலோவாட்டுக்கு மேல் போய்விடும். மிச்சத்தில்தான் மற்ற வீடுகளின் விளக்கு எரிய வேண்டும். மூவருக்கும் ஒரே ஃபேஸ் என்றால் கதை இன்னும் மோசம்: அந்த ஃபேஸில் உள்ள ஃபேனெல்லாம் சோம்பலாகச் சுற்றும்.

● இத்தாலியில் சாதாரண வீட்டு ஒப்பந்தமே 3 கிலோவாட்தான். மீறினால் மீட்டரே துண்டித்துவிடும். டோக்கியோவில் 30 ஆம்பியர், 40 ஆம்பியர் என்று பேசி இணைப்பு வாங்குவார்கள்; அதுவும் 100 வோல்ட்டில். பிரிட்டனில் பல வீடுகளுக்கு 100 ஆம்பியர் ஃபியூஸ், அதாவது 23 கிலோவாட். அங்கேயும் ஹீட் பம்பும் கார் சார்ஜரும் பொருத்தினால் மின் விநியோக நிறுவனத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்.

● 2024 பிப்ரவரியில் மத்திய அரசு மின் நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. அதன்படி மின்வாகன சார்ஜுக்கென்று வீட்டில் தனி இணைப்பு கேட்டு வாங்கலாம். கிராமப்புறத்தில் புது இணைப்பு தருவதற்கான கெடு 15 நாள்.

● தோட்டத்து போர் லைனில் காரைச் செருகினால் காசே ஆகாதே என்று யாராவது யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். ஆந்திராவில் 2004 முதல் விவசாயத்துக்குத் தரப்படும் இலவச மின்சாரம் விவசாயத்துக்கு மட்டுமே. வேறு காரியத்துக்கு எடுத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவு பாயும். அதில் இரு மடங்கு கட்டணம் போடுவார்கள்.

● அலிபிரியிலிருந்து திருமலைக்கு 2022 பிரம்மோற்சவ சமயத்தில் மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. ஏறும்போது பேட்டரி கரையும். இறங்கும்போது பிரேக் பிடிக்கப் பிடிக்க அதில் ஒரு பகுதி திரும்பி ஏறும். மலைப்பாதைக்கு இதைவிடப் பொருத்தமான வண்டி கிடையாது.

● 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்சான் ஈவியின் பேட்டரி 30.2 கிலோவாட் மணி. 15 ஆம்பியர் பிளக்கில் அது முழுதாக நிரம்ப எட்டரை, ஒன்பது மணி நேரம் பிடிக்கும். இதைக் கேட்டுப் பயந்துதான் பலர் பெரிய சார்ஜர் வாங்குகிறார்கள். பேட்டரியைத் தினமும் யார் சுத்தமாகக் காலி செய்யப்போகிறார்கள்? நாளுக்கு 60 கிலோமீட்டர் ஓட்டினால் 10 யூனிட் செலவாகலாம், 3.3 கிலோவாட்டில் அது மூன்று மணி நேர வேலை. இரவு பதினொரு மணிக்கு மேல் தெரு அடங்கியபின் போட்டால், விடிவதற்கு வெகுமுன்பே முடிந்திருக்கும். வீட்டுக்கு 7.2 சார்ஜர் பெரும்பாலோருக்கு வீண் செலவு.

● லோடு இருந்தும் எர்த் சரியில்லாவிட்டால் பல கார்கள் சார்ஜ் ஏறவே மறுக்கும். பல வருடம் தண்ணீர் காணாத எர்த் குழிதான் பெரும்பாலும் காரணம். இன்னொன்று, பிளக். மிக்சி சில நிமிடம் ஓடி நின்றுவிடும்; கார் மணிக்கணக்கில் முழு ஆம்பியரை இழுக்கும். அரை மணி கழித்து பிளக் டாப்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடா? ஓட்டை ஓரம் பழுப்பேறியிருக்கிறதா? பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறதா? உடனே மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் காரைச் செருகுவது கூடவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி எம்சிபி போட்டு, 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்துவிட்டால் நிம்மதி.

● காருக்கு அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியவை மூன்று. பில்லில் காண்ட்ராக்ட் லோடு எவ்வளவு என்று பாருங்கள். உங்கள் தெரு டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கேவிஏ, உங்களுக்கு எந்த ஃபேஸ் என்று லைன்மேனிடம் கேளுங்கள். போதாது என்றால் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தெற்கு மின் விநியோக நிறுவனத்தின் உங்கள் பகுதி அலுவலகத்தில் லோடு உயர்த்த முதலில் மனு கொடுங்கள். காரை அப்புறம் புக் செய்யலாம்.