மீனில் பாதரசம்: சோதனைச் சீட்டை எப்போது நம்பலாம்?

மீனில் பாதரசம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கிறவர்கள் சீட்டில் வரும் எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அந்த எண் சரி என்பதற்கு ஆய்வகத்திடம் என்ன அத்தாட்சி இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. வாங்குபவரும் விற்பவரும் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஆலைக் கழிவு, நிலக்கரிப் புகை வழியாக நீரில் சேரும் பாதரசத்தை நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. சின்ன மீனைத் தின்னும் பெரிய மீனின் சதையில் அது ஏறிக்கொண்டே போகும். ஜப்பானின் மினமாட்டாவில் இப்படி நஞ்சேறிய மீனைத் தின்றவர்களுக்கு வந்த நோய் 1956இல் வெளிச்சத்துக்கு வந்தது. ரசாயன ஆலைக் கழிவுதான் காரணம் என்று அரசு ஒப்புக்கொள்ள 1968 ஆகிவிட்டது. அதிக ஆபத்து வயிற்றுப் பிள்ளையின் மூளைக்கு. எத்தனை தடவை கழுவினாலும், புளி ஊற்றிக் கொதிக்கவிட்டாலும் இந்த நஞ்சு போகாது. பால் சுரக்கும் என்று பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. வழக்கத்தைக் குறை சொல்லவில்லை; ஆனால் பெரிய சுறாவின் துண்டை அதற்கு வாங்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கு மத்தியும் நெத்திலியும் நல்லவை.

சர்வதேச உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2018இல் வகுத்த வரம்பு: கிலோவுக்கு சூரையில் 1.2 மில்லிகிராம் மெத்தில் பாதரசம், சுறாவில் 1.6. இவ்வளவு நுண்ணிய அளவைக் கருவி சரியாகத்தான் சொல்கிறதா? கடைத் தராசுக்கு முத்திரையிட்ட எடைக்கல் போல, ஆய்வகத்துக்கு ஒப்பீட்டுப் பொருள் வேண்டும்: பாதரசம் எவ்வளவு என்று முன்பே துல்லியமாகக் கண்டறிந்து சான்றளித்த மீன் தூள்.

தண்ணீரில் பாதரசத்தைக் கரைத்து வைத்துக்கொண்டால் போதாதா என்று தோன்றும். போதாது. மீனில் அது புரதத்தோடு ஒட்டிக்கிடக்கிறது. அமிலத்தில் சதையைக் கரைத்து வெளியே எடுக்கும்போது ஆவியாகிக் கொஞ்சம் தப்பிவிடலாம். அந்த இழப்பு மீனை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே ஒரே கூட்டத்து மீனின் சதையை அரைத்து, உறையவைத்து உலர்த்தி, பொடித்துச் சலித்து, சீராகக் கலந்து புட்டிகளில் அடைக்கிறார்கள். கெட்டுப்போகாமலிருக்கப் பல தயாரிப்புகளுக்குக் காமா கதிர் பாய்ச்சுவதும் உண்டு. எந்தப் புட்டியைத் திறந்தாலும் ஒரே அளவு வருகிறதா, மாதக்கணக்கில் வைத்தாலும் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்த பிறகே, ஒன்றுக்கு மேற்பட்ட முறைகளில் அளந்து சான்றிதழ் எழுதுகிறார்கள். கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றம் சிறு சுறா வகை ஒன்றின் சதையில் தயாரித்த டார்ம்-2 தூளின் சான்றிதழில் பாதரசம் கிலோவுக்கு 4.64 மில்லிகிராம், கூடவோ குறையவோ 0.26. தயாரித்தவர்களே இவ்வளவு முன்பின் இருக்கலாம் என்று எழுதிக் கொடுக்கிறார்கள். அதை எழுதாத சீட்டின் மேல்தான் எனக்குச் சந்தேகம்.

நம் பக்கத்திலும் இந்த வேலை தெரிந்தவர்கள் உண்டு. தெர்மாமீட்டர் ஆலையால் கொடைக்கானல் ஏரி மீனில் பாதரசம் ஏறியதை 2006இல் வெளியான ஆய்வில் காட்டியவர்கள், பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சேர்ந்த ஐதராபாத் மையத்தினர். ஒப்பீட்டுப் பொருள் தயாரிப்பதும் அவர்கள் வேலைதான்.

இனி சட்டம். உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006இன் 40ஆம் பிரிவுப்படி, யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டி, வாங்கிய மீனை உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியாக வேண்டும். மீன் தரத்துக்குக் குறைவு என்று முடிவு வந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கெட்ட மீன் பற்றிய புகாரைத் தமிழக உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற எண்ணில் வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

மீன் விற்பவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. அதிகாரி மாதிரி எடுத்தால் அதை நான்காகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லிக் கேட்கும் உரிமை கடைக்காரருடையது. உணவுப் பகுப்பாய்வாளரின் முடிவும் அந்த ஆய்வகத்தின் முடிவும் முரண்பட்டால், துறையின் நியமன அலுவலர் வசமுள்ள பங்கு மேல் ஆய்வகத்துக்குப் போகும். அதன் முடிவே இறுதி. பகுப்பாய்வாளர் அறிக்கையை எதிர்த்து, அது கைக்கு வந்த 30 நாளுக்குள் நியமன அலுவலரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

அறிக்கையைக் கையில் வாங்கியதும் வரம்பைத் தாண்டியதா என்று மட்டும் பார்க்காதீர்கள். சூரையில் 1.3 என்று வந்து, ஆய்வகத்தின் பிசகு எல்லை 0.2 என்றால், உண்மை அளவு 1.1ஆகவும் இருக்கலாம், 1.5ஆகவும் இருக்கலாம். ஆய்வகங்களின் தகுதியைச் சோதித்துச் சான்று தரும் என்ஏபிஎல் அமைப்பின் அங்கீகாரம் என்று சுவரில் மாட்டியிருந்தாலும் அது குடிநீர்ச் சோதனைக்கு மட்டும் வாங்கியதாக இருக்கலாம். மீனில் பாதரசம் அந்தப் பட்டியலில் உண்டா என்று என்ஏபிஎல் இணையதளத்தில் பார்க்கலாம். எந்த ஒப்பீட்டுப் பொருளை உடன்வைத்துச் சோதித்தீர்கள், சான்றிதழில் என்ன அளவு, உங்கள் கருவியில் என்ன வந்தது என்று எழுத்தில் கேளுங்கள். அரசு ஆய்வகம் பதில் தராவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி இதே கேள்விகளை மனுவாகப் போடலாம்.