பரங்கிக்காய்க்கு ஒரு பரிந்துரை

"இன்றைக்கும் பரங்கிக்காயா?" என்று முகம் சுளிப்போரைக் கண்டிருக்கிறோம். குற்றம் காயினுடையதன்று, நீரில் குழைய வேகவைக்கும் நம்முடையதே. அமெரிக்கக் கண்டத்தில் பிறந்து, பரங்கியர் வழியே வந்து, பொங்கல் கூட்டில் உரிமையுடன் அமர்ந்துவிட்ட காய் அல்லவா இது!

முழுக் காய் மாதக்கணக்கில் கெடாது. வெட்டியதோ சில நாளில் அழுகிவிடும். ஆகவே வெட்டிய அன்றே விதை நீக்கி, இரண்டங்குலத் துண்டுகளாக்கி, நல்லெண்ணெய் தடவி, ஓவனில் 200 டிகிரி செல்ஷியஸ் சூட்டில் சுமார் 40 நிமிஷம் சுட வேண்டும். ஓவன் இல்லாத வீட்டில் கனத்த இரும்புச் சட்டியும் சிறு தீயும் போதும். நீர் வற்றி இனிப்புத் திரளும்.

அன்று உப்பும் மிளகும் தூவி உண்ணலாம். மிஞ்சியதைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் மறுநாள் துவையல். மூன்றாம் நாள் அடை. அப்புறம் முகம் சுளிப்பவர் யாரென்று பார்ப்போம்!